குப்புறப் படுக்கும் பிள்ளைகள்

கிறீச்... கிறீச்... என்று ஒரு வண்டிச் சில்லு. அந்தச் சத்தம் மூலையில் திரும்புவதற்கு முன்பே ஆறாம் கட்டில் குப்புறப் படுத்துத் தலையணையைக் கடித்துக்கொள்ளும். பிறகுதான் மருந்து வண்டில் கண்ணுக்குத் தெரியும். அதற்கும் பிறகுதான் நான். புண்ணுக்கு மருந்து கட்டுகிற தொழிலில் ஆளுக்கு முன்னால் பயம் போய்ச் சேர்ந்துவிடும்.

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், சத்திரசிகிச்சை வாட்டில், எழுபதுகளின் கடைசியிலிருந்து நான் இரா அட்டெண்டன். மாலை ஏழு மணிக்கு ஏறி, காலை ஏழு மணிக்கு இறங்குவேன். விடியப் பெரிய டொக்டர் வருவதற்குள் எல்லாப் புண்ணுக்கும் மருந்து கட்டி முடித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். மாற்றலாகிப் போன மிஸ்ஸி ஒருத்தர் விட்டுச்சென்ற இங்கிலீஷ் தாதிப் புத்தகத்தைப் பிள்ளைகளின் அகராதியை வைத்து எழுத்தெழுத்தாய் வாசித்து, கை பழகி, இந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. ஊர் விழித்திருக்கும்போது படுத்து, தூக்கம் வராமல் கூரையையே பார்த்துக் கிடக்கிற சாதி நாங்கள். இராவேலை செய்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. உட்காருகிற இடத்தில் கட்டி வந்தவர்களுக்கு இனி வருவதையும் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு பந்தி எழுதுகிறேன்.

முள்ளந்தண்டு முடிந்து பிட்டம் பிரிகிற பள்ளத்தில், உதிர்ந்த முடி ஒன்று தோலைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். அதன் பின்னால் இன்னொன்று போகும். உள்ளே போன முடிகள் சுருண்டு கூடு கட்டும், கூடு சீழ் வைக்கும். பைலோனைடல் சைனஸ் என்பது டொக்டர்மாரின் பெயர். அகராதியில் தேடினேன், முடிக்கூடு என்றுதான் அர்த்தம் வந்தது. அதற்குப் பிறகு வாட்டில் எங்களுக்கு அது முடிக்கூடுதான், அதோடு வருகிறவர்களுக்கென்று ஆறாம் கட்டில். குழந்தைக்கு வராது, கிழவனுக்கும் அநேகமாய் வராது. மீசை அரும்புகிற வயதில், ஒருவருக்கும் சொல்ல வாய் வராத வயதில், சொல்ல வாய் வராத இடத்தில் பார்த்து வரும்.

நின்றுகொண்டு ஓட்டியவன்

ஆறாம் கட்டில் என்றேனே, அவன் சம்மாந்துறைப் பிள்ளை. பதினேழு வயது. வாப்பாவின் உழவு மெசினில் ஏறினால் நாள் முழுக்க இறங்கமாட்டான். அந்த இரும்பு ஆசனம் குலுக்கிய குலுக்கில் முடிக்கூடு வந்தது. வாய் திறந்தானா? இல்லை. ஆசனத்தில் சாக்கை மடித்துப் போட்டான். அதுவும் சரிவராதபோது நின்றுகொண்டே மெசின் ஓட்டினான். "பொடியனுக்கு ஸ்டைல் வந்திட்டு" என்று வயலில் பேசிக்கொண்டார்களாம். காய்ச்சல் வந்து வரப்பில் விழுந்த அன்றுதான் விசயம் வெளியே வந்தது.

பெரிய டொக்டர் அவருடைய முறையில் வெட்டினார். கூட்டையும் சுற்றியிருந்த சதையையும் சேர்த்து எடுத்துவிடுவது, தைக்காமல் விடுவது, அடியிலிருந்து தானாக மூடி வரட்டும் என்று காத்திருப்பது, இதுதான் முறை. ஒரு கோழிமுட்டை படுத்திருக்கக்கூடிய பள்ளம். தினமும் விடிய அதிலிருந்து பழைய துணியை இழுத்து, மருந்தில் நனைத்த புதுத் துணியை அடைப்பது என் வேலை. இழுக்கும்போது அவன் அழமாட்டான். மெசினின் பாகங்களை ஒவ்வொன்றாய்ப் பெயர் சொல்லிக்கொண்டு போவான். கியர்ப் பெட்டி வருவதற்குள் நான் முடித்துவிடப் பார்ப்பேன்.

இரண்டு மாதம் குப்புறக் கிடந்தான். வீட்டுக்குப் போகிற அன்று எழுந்து நின்று, வாட்டில் இருந்த ஒவ்வொருவரையும் முதன்முதலாய்ப் பார்க்கிறவன் போல் பார்த்தான். என் முகத்திலும் கொஞ்ச நேரம் கண் நின்றது. பிறகு வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு சொன்னான்:

"மாமா, எனக்கு இஞ்ச எல்லாரையும் காலாலதான் தெரியும். உங்கட பெருவிரல்தான் எனக்கு நல்ல பழக்கம்."

இவ்வளவுதானா?

எண்பதுகள் தொடங்கியபோது எங்கள் வாட்டுக்கு ஒரு சின்ன டொக்டர் வந்தார். மெலிந்த ஆள். சாப்பிடும்போதும் புத்தகம் வாசிப்பார். என்னைப் போலவே ஒருத்தர் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். முடிக்கூட்டுக்குப் பெரிதாய் வெட்டத் தேவையில்லை என்பது அவர் கட்சி. தோலில் இருக்கிற சின்னத் துவாரங்களைச் சுற்றி ஒரு நெல்லளவு எடுத்துவிட்டு, உள்ளே மெல்லிய தூரிகை விட்டு முடியைத் துடைத்தெடுத்தால் போதும். மரத்துப்போகிற ஊசி ஒன்று, அரைமணித்தியாலம், மறுநாள் வீடு.

பெரிய டொக்டர் தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார்: "வெட்டினா உள்ளுக்க ஒண்டுமில்லை எண்டு கண்ணால பாக்கிறன். நீர் ஓட்டைக்குள்ள தூரிகை விட்டுப்போட்டு எப்பிடி ஐசே நித்திரை கொள்ளுவீர்?" சின்ன டொக்டர் சொன்னார்: "திரும்பி வரலாம் சேர். வந்தா இன்னொருக்காத் துடைக்கலாம். படிக்கிற வயசுப் புள்ளய ரெண்டு மாசம் படுக்கப் போடாம இருக்கலாமே." இரண்டு பேரும் மூலையில் நின்ற என்னைப் பார்த்தார்கள். நான் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

முதல் ஆளாய் அகப்பட்டவன் சாய்ந்தமருதுக் கடற்கரைப் பிள்ளை. கருவிக் குழாய்கள் கழுவுகிற சின்னத் தூரிகை ஒன்றை நான்தான் அவித்துக் கொடுத்தேன். உள்ளேயிருந்து வந்த முடிப் பந்தைச் சின்ன டொக்டர் தட்டில் வைத்து, விளக்கடியில் பிடித்து, முத்தெடுத்தவர் போல் பார்த்தார். மறுநாள் பிள்ளையைக் கூட்டிப்போக வாப்பா வந்தார். தோணிக்காரர், குரலும் தோணிக்காரக் குரல்தான். சம்மாந்துறைப் பிள்ளையின் பள்ளத்துக் கதை கடற்கரை வரைக்கும் போயிருந்தது. பிளாஸ்டரை விலக்கி ஒருதரம் பார்த்துவிட்டு வாட்டே அதிரக் கேட்டார்:

"இவ்வளவுதானா? சம்மாந்துறைப் பொடியனுக்கு மட்டும் அள்ளி அள்ளி வெட்டியிருக்கீங்க, என்ட புள்ளக்கு என்ன குறையக் கண்டீங்க?"

கடைசி இருப்பு

எனக்கு ஒரே ஆண்பிள்ளை, ரியாஸ். அப்போது பதினைந்து வயது, அந்த வருசக் கடைசியில் சாதாரணதரப் பரீட்சை. எங்கள் குடும்பத்தில் அந்தப் படியில் கால் வைக்கப்போகிற முதல் ஆள். அவன் பள்ளிக்கூடம் போகும்போது நான் வந்து படுப்பேன், அவன் படிக்க உட்காரும்போது நான் சைக்கிளை எடுப்பேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு வாழ்ந்தோம்.

ஒருநாள் மாலை வேலைக்குப் போனதும், வாட்டுக் கூட்டுகிற கரீம் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான். எங்கள் பள்ளிவாசலில்தான் அவனும் தொழுகிறவன். சொல்லலாமா வேண்டாமா என்று துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தொழுகையின் கடைசி இருப்பில் எல்லாரும் இடது பிட்டத்தை நிலத்தில் வைத்துத்தான் இருப்போம். பின்வரிசையில் என் மகன் மட்டும் நிலத்தில் படாமல் குதிக்காலில் தொங்கிக்கொண்டு இருக்கிறானாம். மூன்று வெள்ளிக்கிழமையாய்க் கரீம் கவனித்திருக்கிறான். நான் முன்வரிசையில் தொழுதுவிட்டுத் தூக்கத்துக்கு ஓடுகிறவன்.

"கோவிக்காதீங்க காக்கா" என்றான் கரீம். அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்பது. "ஆறாம் கட்டிலுக்கு வாற புள்ளைகள்தான் அப்பிடி இரிக்கிற."

வேறு ஆரையும் வையுங்கள்

வீட்டில் கேட்டேன். "ஒண்டுமில்ல வாப்பா" என்றான். அவன் நின்றுகொண்டே ஜன்னல் விளிம்பில் புத்தகம் வைத்துப் படிக்கிறான், இடுப்பில் உடுத்துகிற சாரனைத் தானே கிணற்றடியில் கழுவுகிறான் என்று என் மனைவி பிறகு சொன்னாள். காட்டு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எங்கள் ஊர்களில் சுன்னத்து வைத்த பிறகு மகனின் அந்தரங்கத்தைத் தகப்பன் பார்ப்பதில்லை. மகனும் தகப்பன் முன்னால் சாரனை முழங்காலுக்கு மேல் தூக்குவதில்லை. சம்மாந்துறையிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஊர்ப் பிள்ளைகளின் பின்பக்கத்தைப் பார்த்தவன் நான். சொந்தப் பிள்ளை ஒருவன் மட்டும்தான் பாக்கி.

தாய் கதவுக்கு வெளியே நின்று அழுத பிறகு ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டான்: நான் வாட்டில் இல்லாத நேரம் ஆஸ்பத்திரிக்குப் போவான். அதன்படி பகலில், நான் படுத்திருக்கும்போது போனான். சைக்கிளை நின்று மிதித்துக்கொண்டு அவன் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

அடுத்த நாள் விடியப் பெரிய டொக்டர் மகனை வரச்சொல்லி, என்னையும் கூப்பிட்டு வைத்துக் கதைத்தார். முடிக்கூடுதான். வெட்டினால் பரீட்சை போகும், அடுத்த வருசம்தான் எழுத வேண்டும். சின்ன முறையில் செய்தால் எழுதலாம். "ஆனா ஒண்டு" என்றார். "வெட்டினாலும் சரி, துடைச்சாலும் சரி, கிழமைக்கு ஒருக்கா அந்த இடத்தை வழிச்சு, உதிர்ந்த முடியை ஒண்டொண்டா எடுக்க ஒரு கை வேணும். பெரிய புண்ணும் முடி விழுந்துதான் ஆறாமக் கிடக்கிறது. சின்ன முறைக்கு அந்தக் கைதான் பாதி வைத்தியம்." சின்ன டொக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் கை என் கைதான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"வாப்பா வேணாம் டொக்டர். வேற ஆரையும் வைங்க."

ஒஸ்தா வந்தார்

துடைத்தெடுத்தார்கள். நல்லபடி முடிந்தது. வழிக்கிற கைதான் இல்லை. பகல் அட்டெண்டனிடம் போகச் சொன்னால், அவன் வாய் கல்முனைச் சந்தையை விடப் பெரியது என்று மகன் மறுத்துவிட்டான். அது உண்மையும்தான். என் மனைவி யோசித்து ஒரு முடிவெடுத்தாள். எனக்குச் சொல்லாமல் ஒஸ்தாவுக்கு ஆள் அனுப்பினாள். ஒஸ்தா என்றால் எங்கள் பக்கத்தில் முடி வெட்டுகிறவர், பிள்ளைகளுக்குச் சுன்னத்து வைக்கிறவரும் அவர்தான். கை சுத்தம், வாய் இறுக்கம். ஊரில் அவருக்குத் தெரியாத அந்தரங்கம் இல்லை, அவரிடமிருந்து வெளியே போன அந்தரங்கமும் இல்லை. நல்ல யோசனைதான். பிழை ஒன்றே ஒன்று. அவரை அந்தப் பெட்டியோடு எங்கள் வாசலில் மகன் கடைசியாய்க் கண்டது ஏழு வயதில்.

பெட்டியின் கொளுக்கி திறந்த சத்தம் கேட்டு நான் விழித்தேன். அடுத்த சத்தம் பின் ஜன்னல். பரீட்சை எழுதப்போகிற பிள்ளை, பொது அறிவில் வகுப்பில் முதல் பிள்ளை, வேலியால் பாய்ந்து தென்னந்தோட்டத்துக்குள் போய்விட்டான். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஒஸ்தா ஒன்றும் நடக்காதவர் போல் கதிரையில் சாய்ந்து, தேநீரை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"பதறாதீங்க தங்கச்சி. போன முறையும் இந்த ஜன்னலாலதான் போனவர். மக்ரிபுக்கு முன்ன வந்திருவார், நான் இரிக்கன்."

சாரன்

அன்று பொழுதுபட்டு, ஒஸ்தா மக்ரிபு தொழுதுவிட்டுப் போன பிறகுதான் மகன் வந்தான். அந்தக் கிழமை வழிக்கவில்லை, அடுத்த கிழமையும் இல்லை. நான்காவது கிழமை சாரன் திரும்பவும் சீழால் நனைந்தது. சின்ன டொக்டர் மறுபடி துடைத்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "இன்னொருக்கா வந்தா சேர்ட கத்திதான். பரீட்சைக்கு ஆறு கிழமை இரிக்கி" என்றார் மகனிடம். விடிய விடிய ஊர்ப் பிள்ளைகளின் புண் ஓரத்தில் முடி பொறுக்குகிற கை, வீட்டுக்கு வந்து மடியில் சும்மா கிடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை வேலை முடிந்து வந்தேன். முன் அறையில் பாயில் மகன் குப்புறக் கிடந்தான். தலையிலிருந்து கால் வரைக்கும் என் பழைய சாரன் ஒன்று போர்த்தியிருந்தது. இறந்துபோன ஆளை மூடியது போல் இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், சாரனின் நடுவில் நாலு விரல் அகலத்துக்குச் சதுரமாய் ஒரு ஓட்டை. ஓரம் மடித்து, கையால் நெருக்கமாய்த் தைத்திருந்தது. தியேட்டரில் ஒப்பரேசனுக்குப் போர்த்துகிற துணியை இரண்டு முறை கண்டவன் அளவு சொல்லியிருக்கிறான். தாய் வெட்டித் தைத்திருக்கிறாள். ஓட்டைக்குள் தெரிந்தது வைத்தியம் வேண்டிய இடம் மட்டும்தான். மற்றதெல்லாம் மறைவு. பாயின் பக்கத்தில் சவர்க்காரம், சுடுதண்ணீர், புது பிளேட், இடுக்கி.

அடுக்களையில் என் மனைவி சட்டி கழுவுகிற சத்தம் தேவைக்கு மேலேயே கேட்டது. நான் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு யோசிக்காமல் செய்த வேலை. பூசிய சவர்க்காரத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பூசினேன்.

"ரெண்டாந்தரமும் பூசுறீங்க வாப்பா" என்றான் சாரனுக்குள்ளிருந்து.

"இரா முழிப்பு, மகன்."

"ஓம்" என்றான். சாரனுக்குள் தாளைப் புரட்டிக்கொண்டு, "முகத்துக்கு நேர புத்தகம் வைச்சிரிக்கன். சரித்திரம். கேள்வி கேளுங்க, எனக்கு வேற யோசின வேணும்" என்றான். புத்தகம் அவனிடம்தான் இருந்தது. எட்டாம் வகுப்புக்காரன் எந்தச் சரித்திரத்தைக் கேட்பது? நீயே கேள்வியை வாசித்து நீயே பதில் சொல் என்றேன். போர்த்துக்கேயர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், ஒவ்வொருவராய்ப் போனார்கள். நான் வழித்து முடித்து, பள்ளத்துக்குள் கிடந்த முடியை இடுக்கியால் ஒன்றொன்றாய் எடுத்தேன். பதினொன்று. வெள்ளைத் துணியில் வரிசையாய் வைத்தேன். முடித்துவிட்டேன் என்று நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. இங்கிலீஷ்காரன் வந்த இடத்தில், பாதியில் வாசிப்பை நிறுத்திவிட்டு மகன் கேட்டான்:

"வாட்டுல மத்தப் புள்ளைகளுக்கும் இப்பிடி மெதுவாத்தான் செய்யிறீங்களா வாப்பா?"

ஆறு வெள்ளிக்கிழமை அப்படிப் போனது. பரீட்சை நாட்களில் மரவாங்கில் மற்றப் பிள்ளைகளைப் போல் இரண்டு பிட்டத்தையும் வைத்து, பாடம் பாடமாய் இருந்து எழுதிவிட்டு வந்தான். பெறுபேறு வந்தபோது சின்ன டொக்டருக்கும் பெரிய டொக்டருக்கும் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தான். பெரிய டொக்டர் பழத்தை உரித்துக்கொண்டே, இது வைத்தியத்துக்கா கைக்கா என்று கேட்டாராம். மகன் என்ன சொன்னான் என்று என்னிடம் சொல்லவில்லை. முப்பது வயது வரைக்கும் வழிக்க வேண்டும் என்பது டொக்டர்மார் இரண்டு பேரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட ஒரே விசயம்.

இப்போது அவனுக்குப் பதினெட்டு நடக்கிறது, உயர்தரம் படிக்கிறான், மற்ற நாட்களில் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. இன்று வெள்ளிக்கிழமை, நான் வேலையால் வந்து சட்டையைக் கழற்றுகிறேன், முன் அறையில் பாய் விரிகிற சத்தம் கேட்கிறது, தண்ணீரை அடுப்பில் வைக்கிறேன். தகப்பனும் மகனும் கிழமைக்கு ஒருமுறை முகம் பாராமல் மனம்விட்டுக் கதைப்பதற்கு, நாலு விரல் ஓட்டை போட்ட ஒரு பழைய சாரன் தாராளமாய்ப் போதும்.